வாக்கரின் பழைய ஓனர்

அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. வங்கியில் கூப்பிடும்போது மட்டும் அது பயன்படும், அப்போதும் பக்கத்தில் இருப்பவர் இடித்துச் சொன்னால்தான் அவளே எழுந்திருப்பாள். தெருவுக்கு அவள் 'இருக்கட்டும் அக்கா'. யார் எதைக் குப்பைத் தொட்டியில் போடப் போனாலும் தையல் மெஷின் சத்தம் நின்று, ஜன்னல் கம்பி வழியாக ஒரு குரல் வரும். "இருக்கட்டும், இருக்கட்டும், அதை இப்படிக் குடுங்க." பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

அக்கா ஆல்டரேஷன் டெய்லர். புதுத் துணி வெட்டமாட்டாள். இடுப்பைப் பிரித்து விடுவது, கால் நீளத்தைக் குறைப்பது, போன ஜிப்பை மாற்றுவது, இவ்வளவுதான். ஊர் பெருத்தாலும் அவளுக்கு வேலை, இளைத்தாலும் அவளுக்கு வேலை. கழுத்தில் தொங்கும் டேப் சும்மா ஒரு அலங்காரத்துக்கு. வாசலில் ஆள் வந்து நின்றதுமே தோள் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு, போன தடவைக்கு இது இவ்வளவு கூடுதல் என்று கண்ணாலேயே எடுத்துவிடுவாள். சில பெண்கள் அதற்குப் பயந்தே வேறு கடைக்குப் போனார்கள்.

இந்தச் சேர்த்துவைக்கிற வேலை ஜிப்பில்தான் ஆரம்பித்தது. பேன்ட்டிலிருந்து கழற்றிய ஜிப்பில் பாதிக்கு மேல் பல் நன்றாகத்தான் இருக்கும், இழுக்கிற நாக்குதான் போயிருக்கும். தூக்கிப்போட மனசு வரவில்லை. ஒரு டப்பாவில் சேர்த்தாள். பை தைப்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, புதையல் கிடைத்தவர்போல் அள்ளிக்கொண்டு போனார். அன்றைக்கு அக்காவுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அது போதைதான், வேறென்ன சொல்வது. அடுத்து எதைச் சேர்க்கலாம் என்று கண் அலைய ஆரம்பித்துவிட்டது.

பேப்பர், இரும்பு, பாட்டில் எல்லாம் எடைக்குப் போகும். அதில் அவளுக்கு அக்கறை இல்லை. பழைய பொருள் வாங்குகிறவர் எதைப் பார்த்து "இது வேணாம்மா" என்று கையை உதறுவாரோ, அதுதான் அவளுக்கு வேண்டும். அவரே நாளடைவில், "எனக்கு ஆகாது, அந்தத் தையல்கார அம்மா வீட்டுல கேட்டுப் பாருங்க" என்று ஆள் அனுப்பத் தொடங்கினார்.

அக்கா வீட்டின் கீழே கார் நிறுத்த ஒரு இடம் இருந்தது. கார் வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டியது. கார் வரவில்லை, மற்றதெல்லாம் வந்தது. தேய்ந்த டூத் பிரஷ் போகுமிடம் பைக் மெக்கானிக் கடை, செயின் அழுக்கெடுக்க அதைப்போல வேறொன்று இல்லையாம். தெர்மோகோல் பெட்டி மீன் விற்கும் அம்மாவுக்கு. ஜோடி தொலைந்த சாக்ஸை வீடு மாற்றிக் கொடுக்கிறவர்கள் வாங்கிப்போய், தரை கீறாமல் இருக்க நாற்காலிக் காலில் மாட்டினார்கள். கிழிந்த துண்டும் போர்வையும் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்துக்கு. மூக்குக்கண்ணாடிகளைக் கண் மருத்துவமனையில் வாங்கி, பவர் பார்த்து, பொருந்துகிறவர்களுக்குக் கொடுத்தார்கள். உடைந்த குடைத் துணியை அவளே ஸ்கூட்டர் சீட்டுக்கு மழை உறையாகத் தைத்தாள். கேசட்டுக்குள் இருக்கும் நாடாவைக்கூடத் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர் கேட்டு வாங்கினார். செடிகளுக்கு மேலே கட்டிவிட்டால் காற்றில் பளபளத்துக் குருவிகளை விரட்டுமாம். மாத்திரை தீர்ந்த அட்டைக்கு மட்டும் ஆள் சிக்கவில்லை. அந்தக் கடுப்பு அவளுக்கு இன்னும் இருக்கிறது.

இவ்வளவு வாங்குகிறாளே, எதைக் கொடுத்தாலும் வாங்குவாள் என்று நினைத்தால் தப்பு. மஞ்சள் கறை படிந்த தலையணையை மடித்து நீட்டிய ஒருவரிடம், "உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா இதைத் தலைக்கு வைப்பீங்களா?" என்று கேட்டாள். அவர் விழித்தார். "அப்ப மத்தவங்க தலை மட்டும் என்ன கிள்ளுக்கீரையா? எடுத்துட்டுப் போங்க." குப்பையைக் கொடுத்துவிட்டு தானம் என்று சொல்லிக்கொள்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர், வாய் பேசாத சாது. வீட்டுக்குள் நுழையும்போது நிலைப்படிக்கும் குனியவேண்டும், பொருளைத் தாண்டக் காலையும் தூக்கவேண்டும். "நான் வேலை பார்க்குற லிஃப்ட்டுக்குள்ள இதைவிட இடம் அதிகம்" என்பதுதான் அவர் அதிகபட்சம் சொல்லும் புகார். ஆனால் எது வந்தாலும் எண்ணெய் விட்டு, திருகு முறுக்கி, துடைத்து வைப்பதும் அவர்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரிச் சாமான்கள் வரத் தொடங்கும் வரை. சக்கர நாற்காலி, கட்டில் தடுப்பு, ஊன்றுகோல், தண்ணீர் மெத்தை. ஒருவர் வீட்டில் தேவை முடிந்ததும் இடத்தை அடைக்கும், எடைக்காரரும் பாதியை வேண்டாம் என்பார். அதே சமயம் இன்னொரு வீட்டில் அதே பொருளுக்குத் தவித்துக்கொண்டிருப்பார்கள். அக்கா நடுவில் நின்று கைமாற்றிவிட்டாள். அதில் ஒரு சங்கடம். சாக்ஸை வாங்குகிறவர்கள் யாரும் அது யார் காலில் இருந்தது என்று கேட்பதில்லை. சக்கர நாற்காலியை வாங்குகிறவர்கள் ஒருவர் விடாமல் கேட்பார்கள். "இதை வச்சிருந்தவங்க இப்ப எப்படி இருக்காங்க?"

உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், அந்தச் சாமான்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கேட்கிறவர் முகத்தைப் பார்த்தால் அதைச் சொல்ல வாய் வராது. அதனால் அக்கா எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள். "நல்லா இருக்காங்க. எழுந்து நடமாடுறாங்க."

"நீ சொல்றதைக் கேட்டா இந்த ஏரியாவுக்கு ஆஸ்பத்திரியே வேணாம்னு தோணுது" என்பார் கணவர்.

"ஒரு வார்த்தைதானே? அதைக் கேட்டுட்டு அவங்க தெம்பா போறாங்கல்ல?"

அந்த ஒரு வார்த்தைதான் கடைசியில் அவளை மாட்டிவிட்டது.

ஒரு நாள் காலை மாஸ்டரம்மா ஒரு பையோடு வந்தாள். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருடைய மனைவி. அந்தப் பக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்கிற கைகளில் பாதி, மாஸ்டரிடம் திட்டு வாங்கிப் பழகிய கைகள். அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். பையிலிருந்து மாஸ்டரம்மா எடுத்தது அவருடைய பேன்ட்டுகளை.

"ரெண்டு பக்கமும் மேலேருந்து கீழே வரைக்கும் பிரிச்சு, பட்டன் வச்சுக் குடுங்க டெய்லரம்மா. படுத்தபடியே போட்டுவிட வசதியா இருக்கும்."

அக்கா பேன்ட்டைக் கையில் எடுத்தாள். நல்ல கனத் துணி, மடிப்புக் கலையாமல் இருந்தது. "ஆபரேஷன்தான் நல்லபடியா முடிஞ்சதுன்னு சொன்னீங்களே அக்கா?"

"முடிஞ்சது. எலும்பெல்லாம் சரியாத்தான் இருக்காம். இவர்தான் எழுந்திருக்க மாட்டேங்குறார். பயிற்சி குடுக்க வர்ற பொண்ணைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கிட்டுத் தூங்குற மாதிரி நடிக்கிறார். இன்னும் தள்ளிப்போட்டா கால் நடக்குறதையே மறந்துடும், அப்புறம் காலத்துக்கும் படுக்கைதான்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்." மாஸ்டரம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். "எல்லாம் படுக்கையிலதான். திருப்பணும், துடைக்கணும், அள்ளணும், அப்பவும் கண்ணைத் திறக்க மாட்டார். நான் இவ்ளோ உசரம், அவர் அவ்ளோ கனம். என்னால முடியலை. அவர்கிட்ட சொல்லவும் முடியலை."

அக்கா கத்தரிக்கோலைத் தள்ளி வைத்தாள். பேன்ட்டை மடித்துப் பையிலேயே திரும்ப வைத்தாள். "இதை வெட்ட வேணாம், இருக்கட்டும். நடக்குறவருக்குத் தச்ச பேன்ட், அப்படியே இருக்கட்டும்." உள்ளே போய் ஒரு வாக்கரை எடுத்து வந்தாள். நாலு கால், மேலே பிடிக்க ரப்பர் உறை போட்ட இரண்டு கைப்பிடி, இரண்டு பக்கமும் மடக்குகிற பட்டன். பளபளவென்று இருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்த கணக்கு வாத்தியாருடையது. அவர் காலமான பிறகு அவருடைய மருமகள் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்திருந்தாள்.

மாஸ்டரம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். கேட்கவேண்டியதைக் கேட்டாள். "இதை வச்சிருந்தவர்?"

"நல்லா இருக்கார். ஜம்முனு நடக்குறார்."

மாஸ்டரம்மா முகத்தில் வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்கிறபோது அக்காவுக்கும் தான் செய்தது சரிதான் என்று தோன்றியது.

மறுநாளே மாஸ்டரம்மா திரும்பி வந்தாள். "அவர் வாக்கரைத் தொடமாட்டேங்குறார். ஆனா கண்ணைத் திறந்து பார்த்தார், பேசவும் பேசினார். செகண்ட் ஹேண்ட் வண்டிதானே, பழைய ஓனரைப் பார்க்காம நான் எந்த வண்டியையும் எடுத்ததில்லை, ஓட்டினவனைக் கூட்டிட்டு வான்னு சொல்றார். நீங்கதான் நல்லா நடக்குறார்னு சொன்னீங்களே, ஒரே ஒரு தடவை அவரை வரச் சொல்லுங்களேன். அவரைப் பார்த்துட்டா இவர் எழுந்துடுவார்னு என் மனசு சொல்லுது."

அக்கா மெஷினை நிறுத்தினாள். செத்துப்போனவர் என்று இப்போது சொன்னால் மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார், மாஸ்டரம்மா நம்பி வைத்திருக்கும் கடைசிப் பிடியும் போய்விடும். "சாயங்காலம் கூட்டிட்டு வர்றேன் அக்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கணவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "செத்துப்போன மனுஷன் வேஷம் போடுறதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"செத்தவர் வேஷம் இல்லைங்க. பொழச்சவர் வேஷம். நீங்க இருக்குற மாதிரியே இருந்தா போதும்."

"எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

"அந்தம்மா முதுகு விட்டுப்போயிடும்ங்க. பாவம்ங்க. அவங்க ரெண்டு பேருமே உங்களைப் பார்த்ததில்லை." அவர் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம், இத்தனை வருஷக் குடித்தனத்தில் அதுகூடத் தெரியாதா.

மாஸ்டரின் அறையில் பினாயில் வாசனையும் தைல வாசனையும் கலந்து அடித்தது. கட்டிலுக்கு அடியில் துணி மூடிய ஒரு பாத்திரம். கட்டிலுக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் குளியலறைக் கதவு. வாக்கர் சுவரோரம் மடங்கி நின்றது, அதன்மேல் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. மாஸ்டர் மூன்று நாள் தாடியோடு தலையணையில் சாய்ந்திருந்தார். குரல் மட்டும் பழைய குரல்.

"நீங்கதான் பழைய ஓனரா? உட்காருங்க. எவ்ளோ நாள் ஓட்டினீங்க?"

கணவர் மனைவியைப் பார்த்தார். "ஒரு... ஆறு மாசம் இருக்கும் சார்."

"எந்தப் பக்கமாவது இழுக்குமா?"

"லேசா இடது பக்கம்."

"மடக்குற பட்டன் எப்படி?"

இந்த இடத்தில் கணவருக்குத் தைரியம் வந்துவிட்டது. பட்டன் என்பது அவருடைய சொந்த ஊர். "வலது பக்கம் கொஞ்சம் முரண்டு பிடிச்சது சார். ஸ்ப்ரிங்கை எடுத்துத் துடைச்சு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். இப்ப வெண்ணெய் மாதிரி இறங்கும்." அத்தனையும் உண்மை. அக்கா மூச்சு விட்டாள். இவ்வளவு திறமையை இந்த மனிதர் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று பெருமையாகக்கூட இருந்தது.

"சரி" என்றார் மாஸ்டர். "கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க."

கணவர் துண்டை எடுத்துவிட்டு வாக்கரை விரித்தார். கைப்பிடியைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே மடிந்து போனார். கைப்பிடி அவர் தொடைக்குத்தான் வந்தது. தரையில் விழுந்த ஊசியைத் தேடுகிறவர்போல் குனிந்தபடி இரண்டடி வைத்தார், தலை கட்டில் கம்பியில் இடித்தது.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கணக்கு வாத்தியார் குள்ளமான மனிதர். வாக்கரின் நாலு காலும் அவர் உயரத்துக்கு இறக்கி வைத்தது இறக்கி வைத்தபடியே இருந்தது. ஊரில் உள்ளவர் அத்தனை பேர் அளவையும் கண்ணில் வைத்திருக்கிறவள், கூடவே குடும்பம் நடத்துகிறவர் உயரத்தைக் கோட்டைவிட்டாள்.

"வண்டியை நிறுத்துங்க" என்றார் மாஸ்டர். "இதை ஓட்டினவர் உங்க தோளுக்குக்கூட வரமாட்டார். ஏம்மா டெய்லர், யாரு இது?"

"என் வீட்டுக்காரர் மாஸ்டர்."

மாஸ்டரம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, அது இருந்தால் பரவாயில்லையே. "அப்ப நல்லா நடக்குறார்னு சொன்னது?" என்றாள்.

அக்காவுக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. "பொய்தான் அக்கா. அவர் இப்ப இல்லை. எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லுவேன். மனசு கேட்காம சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க." கண்ணீர் வந்துவிட்டது, துடைக்க டேப்தான் கைக்கு அகப்பட்டது. கணவர் வாக்கரைப் பிடித்தபடி குனிந்தே நின்றார். நிமிரலாமா கூடாதா என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மாஸ்டர் திரும்பிப் படுத்துக்கொள்ளவில்லை. வாக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதோட கால் ரப்பர் நாலும் தேஞ்சிருக்கு, பார்த்தியாம்மா?" என்றார். "மூலையில நிறுத்தி வச்ச வண்டிக்கு டயர் தேயாது. எவனோ நல்லா ஓட்டியிருக்கான். அதான் ஆளைப் பார்க்கணும்னு கேட்டேன். யாரு?"

"கணக்கு வாத்தியார். பக்கத்துத் தெரு."

"எப்படிப் போனார்?"

"நெஞ்சு வலி. தூக்கத்துலயே. காலுக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்லை மாஸ்டர்."

மாஸ்டர் யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார். "பாத்ரூமுக்கு?"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை.

"பாத்ரூமுக்கு எப்படிப் போவார்? யாராவது தூக்கிட்டுப் போகணுமா, இல்லை..." கட்டிலுக்கு அடியில் இருந்த பாத்திரத்தின் பக்கம் கையைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அக்கா நிமிர்ந்தாள். இதற்கு அவளிடம் உண்மையான பதில் இருந்தது. "அவர் மருமகள் வாக்கரைக் குடுக்கும்போது சொல்லி அழுதாங்க மாஸ்டர். 'விழுந்துடுவாரோன்னு நான் பின்னாடியே போனா, நீ வராதேன்னு விரட்டுவார். ஒரு நாள்கூட எங்களைச் செய்யவிடலை'ன்னு."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி நாள் வரைக்கும். இது சத்தியமா உண்மை."

மாஸ்டர் தன் மனைவியைப் பார்த்தார். அவரைத் துடைக்கிற ஈரத் துணி அப்போதும் அவள் கையில் இருந்தது. அத்தனை நாளும் அவள் துடைக்கிறபோதெல்லாம் அவர் ஏன் கண்ணை மூடிக்கொண்டார் என்பது அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"தம்பி" என்றார் மாஸ்டர். "குனிஞ்சது போதும். அதோட உயரத்தை ஏத்துங்க."

கணவர் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலிலும் பொத்தானை அழுத்தி, குழாயை இழுத்து, அடுத்தடுத்த துளையில் மாட்டினார். அக்கா மாஸ்டரைக் கண்ணால் அளந்து, "இன்னும் ஒண்ணு" என்றாள். இந்தத் தடவை அவள் கண் தப்பவில்லை. கணவர் ஒரு பக்கமும் மாஸ்டரம்மா ஒரு பக்கமும் பிடிக்க, மாஸ்டர் காலைத் தரையில் ஊன்றினார். வலியில் பல்லைக் கடித்தார். வியர்த்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்தபடி எல்லோரையும் திட்டினார், முதல் பாடம் கற்றுக்கொள்ள வந்தவர்களைத் திட்டுவதைப்போலவே. மாஸ்டரம்மாவுக்கு அந்தத் திட்டு சங்கீதமாகக் கேட்டிருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே அழுதாள்.

எழுந்து நின்றார். வாக்கரை ஒரு சாண் தள்ளினார், காலை எடுத்து வைத்தார். மறுபடி தள்ளினார். கணவர் பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனார். குளியலறை வாசல் வந்ததும் மாஸ்டரம்மா வழக்கம்போல் முன்னால் போய்க் கதவைத் திறந்து, கூடவே உள்ளே நுழையப் பார்த்தாள்.

"நீ எங்க வர்றே?" என்றார் மாஸ்டர்.

அவள் ஒதுங்கினாள். அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"ஐயையோ, தாழ்ப்பாளை எடுங்க! விழுந்தா யாரு திறக்குறது?" என்று மாஸ்டரம்மா கதவைத் தட்டினாள்.

"நீ போய் உட்காரு. எனக்கு நேரமாகும்."

அவள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் திரும்பினாள். கட்டில் காலியாக இருந்தது. கையிலிருந்த ஈரத் துணியைக் கீழே போட்டுவிட்டு, கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"சரிங்க" என்றாள். "மெதுவாவே வாங்க."